லிஃப்ட் கூட்டிக் கொடுத்த எடை

உலகத்தில் எல்லாருக்கும் ஒரு எடைதான். லிஃப்டுக்காரருக்கு மட்டும் மூன்று. இதை அவர் சொல்லிக் கேட்காத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் பாக்கி கிடையாது. மேலே கிளம்பும்போது ஒரு எடை, நடுவழியில் ஒரு எடை, மேலே போய் நிற்கப்போகும்போது ஒரு எடை. இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, அவருடைய வலது முட்டி. தேய்ந்துபோன முட்டி. லிஃப்ட் மேலே கிளம்புகிற நொடியில் யாரோ தோளில் மூட்டையை ஏற்றிவைத்ததுபோல அது முனகும். வேகம் ஒரே சீரானதும் மூட்டை காணாமல் போகும். மேல்மாடி வந்து லிஃப்ட் நிற்கப்போகும்போது உடம்பு லேசாகி, முட்டிக்கு ஒரு நொடி விடுமுறை கிடைக்கும். கீழே இறங்கும்போது எல்லாம் தலைகீழ். கிளம்பும்போது லேசு, நிற்கும்போது கனம்.

"நாள் பூரா ஸ்டூல்ல உக்காந்து பொத்தான் அமுக்கற மனுஷனுக்கு முட்டி வலியாம்" என்பாள் அவர் மனைவி. ஸ்டூல் இருந்தது உண்மைதான். ஆனால் ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தால் ஸ்டூல் வெளியே போக வேண்டும். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் வராத நேரம் எது? ஆக, நின்றேதான் பிழைப்பு. இதை எத்தனை தடவை சொன்னாலும் அவள் காதில் ஏறாது. அவரும் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

அந்த லிஃப்டின் மூலையில் ஒரு எடை நாற்காலி கிடந்தது. நிற்க முடியாத நோயாளியை உட்காரவைத்தே எடை பார்க்கிற நாற்காலி. கைப்பிடிக்குப் பக்கத்தில் எண் ஒளிரும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. ஆபரேஷன் தியேட்டருக்குள் எடை காட்டும் கட்டில் ஒன்று இருந்தது, ஆனால் அது வெளியே வராத மகாராணி. மற்ற எல்லா மாடிக்கும் சேர்த்து இந்த ஒரே நாற்காலிதான். "எங்க நாற்காலியை எவ தள்ளிட்டுப் போனா" என்று மாடிக்கு மாடி நர்சுகள் மல்லுக்கு நின்றதில் மேற்பார்வையாளர் வெறுத்துப்போய், "யாருக்கும் வேணாம், லிஃப்டுலயே கெடக்கட்டும்" என்று உள்ளே தள்ளிவிட்டார். அத்தோடு எடை பார்க்கிற வேலை லிஃப்டுக்காரர் தலையில் விழுந்தது. கீழ்த்தளத்தில் நோயாளியை உட்காரவைப்பார். லிஃப்ட் அசையாமல் நிற்கும்போதே பெட்டியிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். எண் அப்படியே நின்றுவிடும். மேலே கதவு திறந்ததும் நர்ஸ் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வாள்.

ஆரம்பத்தில் ஒருமுறை, வாயடிக்கிற தபால்காரர் ஒருவரை உட்காரவைத்துவிட்டு, பேச்சு சுவாரசியத்தில் லிஃப்டைக் கிளப்பிய பிறகு சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார். மேலே போய்ப் பார்த்தால் தபால்காரர் ஒரே வாரத்தில் ஊதிப்போய்விட்டார். பெரிய நர்ஸ் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"நிக்கும்போதுதான் எடுக்கணும். கெளம்பினப்புறம் எடுத்தா அது மனுஷன் எடை இல்லை. லிஃப்ட் அடியிலேருந்து நெட்டித் தள்ளுது பாருங்க, அதையும் சேத்துக் காட்டும்."

திட்டு வாங்கியதில் அவருக்கு வருத்தமே இல்லை. முட்டி சொன்னதை மெஷினும் சொல்லிவிட்டது. அன்று மாலை மனைவியிடம் அதைச் சொன்னபோது, "சரி, மெஷினுக்கும் முட்டி வலி போல" என்றாள் அவள்.

அவளுக்கு ஒரே தம்பி. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவனை எல்லாரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குவது அவன் தொழில். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் கட்டி மூன்று மாடி ஏறுவான். வேர்த்துக்கூட இருக்காது. மாமாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்து லிஃப்டில் காலை வைத்தால், எடை அதிகம் என்று மணி கத்தும். "மாப்ள, நீ எறங்கு. உனக்குப் பதிலா நாலு பேர் ஏறட்டும்" என்று லிஃப்டுக்காரர் விரட்டுவார். "ஒங்க லிஃப்டு சாப்பிடாம வந்திருக்கு மாமா" என்று சொல்லிக்கொண்டே அவன் படியேறி, லிஃப்ட் மேலே போய்ச் சேருவதற்குள் அங்கே நின்றுகொண்டிருப்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு முன்னறைதான் அவன் வீடு.

அப்படிப்பட்டவனுக்குச் சாப்பாடு தொண்டைக்குக் கீழே நிற்க ஆரம்பித்தது. முதலில் ரொட்டி நின்றது, பிறகு சோறு, பிறகு எல்லாம். உணவுக்குழாயில் கட்டி என்று கண்டுபிடிப்பதற்குள் ஆள் பாதியாகிவிட்டான். தோலும் எலும்புமாக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறியபோது மணி கத்தவில்லை. லிஃப்டுக்காரர் கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கிக்கொண்டார்.

டாக்டர் வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "கட்டியை எடுத்துடலாம். ஆனா இந்த உடம்பு கத்தியைத் தாங்காது. நாப்பத்தஞ்சு கிலோவாவது வரட்டும், உடனே தேதி குடுக்கறேன். வாராவாரம் வந்து எடை பாருங்க. பால், முட்டை, சூப்புன்னு எது எறங்குதோ அதைக் குடுங்க. எடை எறங்க ஆரம்பிச்சா மட்டும் தாமதிக்க முடியாது. படுக்கவெச்சு, வயித்துல ஓட்டை போட்டு, குழாய் வழியா ஊட்டிடணும்."

அன்றைக்கு நாற்காலி காட்டியது நாற்பத்துமூன்று.

கீழே இறங்கும்போது பீரோ அவர் சட்டைக் கையைப் பிடித்தான். "மாமா, என்ன வேணா பண்ணட்டும். வயித்துல குழாய் மட்டும் வேணாம். நாய்க்குட்டிக்கு ஊத்தற மாதிரி ஊத்துவாங்க. அதுக்கு நான் செத்தே போறேன்."

"சீ, வாயைக் கழுவு. ரெண்டு கிலோதானே. ஒங்கக்கா ஊட்டியே ஏத்திடுவா."

அக்காவும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் அடுப்பு அணையவே இல்லை. முட்டையைப் பாலில் அடித்து, சர்க்கரை போட்டு, வடிகட்டி, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். ஒரு தம்ளர் உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகும். அதில் பாதி திரும்பி வரும். வந்ததைத் துடைத்துவிட்டு, முகம் சுளிக்காமல் அடுத்த தம்ளரைக் கலக்கப் போவாள். "உள்ள கொஞ்சமாவது நின்னிருக்கும்ல?" என்று கணவனைக் கேட்பாள். "நின்னிருக்கும், நின்னிருக்கும்" என்பார் அவர். வேறென்ன சொல்ல முடியும்?

அடுத்த வாரம் கீழ்த்தளத்தில் நாற்காலியில் உட்காரவைத்தார். நாற்பத்திரண்டு.

லிஃப்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அக்கா மருந்துக்கடை வரிசையில் நின்றாள். பீரோ எண்ணைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தான். லிஃப்டுக்காரர் கணக்குப் போட்டார். மேலே நர்ஸ் காத்திருப்பாள், எண்ணைப் பார்ப்பாள், டாக்டரிடம் சொல்வாள், குழாய் வரும். இவன் செத்துப்போறேன் என்கிறான். இவன் அக்காவோ தான் ஊட்டியது போதவில்லை என்று சுவரில் முட்டிக்கொள்வாள். ஒரே ஒரு வாரம்தானே, அதற்குள் தேறிவிட மாட்டானா என்ன? சிவப்புப் பொத்தான்மேல் வைத்த விரலை அவர் எடுத்தார். லிஃப்டைக் கிளப்பினார். முட்டி முனகத் தொடங்கிய அந்தக் கணத்தில், எண் மேலே ஓட ஆரம்பித்ததும் அமுக்கினார்.

நாற்பத்துமூன்றில் நின்றது.

"அப்படியே இருக்கு. பரவாயில்லை, எறங்கலை" என்றாள் நர்ஸ்.

இதைத் திருட்டு என்பதா, பாசம் என்பதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவருக்கும் தெரியாது. லிஃப்டைக் கீழே இறக்கினார். அப்போது பீரோ ஒன்று சொன்னான்.

"மாமா, மேல கெளம்பும்போது ஒரு நொடி கனமா இருந்தேன். பழைய ஆள் மாதிரி. நல்லா இருந்துச்சு."

மறுவாரம் நிஜ எடை இன்னும் இறங்கியிருந்தது. இப்போது உண்மையைக் காட்டினால் ஒரே வாரத்தில் இவ்வளவு எப்படிக் குறைந்தது என்று கேட்பார்கள். ஆகவே மறுபடியும் அதே வேலை. அதற்கடுத்த வாரமும் அதே. எப்போது அமுக்குவது என்பதில்தான் சூட்சுமம் முழுக்க இருந்தது. கிளம்பியதும் அமுக்கினால் கொஞ்சம் கூடும், இன்னும் ஒரு இமைப்பொழுது பொறுத்தால் நிறையக் கூடும், அதையும் தாண்டினால் வேகம் சீராகி மூட்டை இறங்கிவிடும், நிஜம் பல்லை இளித்துவிடும். இதிலும் ஒரு கொடுமை இருந்தது. லிஃப்ட் தன் கைக்காசிலிருந்து எதையும் கொடுப்பதில்லை. ஆள் கனமாக இருந்தால் அதற்கேற்ப நிறையக் கூட்டும், இளைத்தவனுக்குக் கொஞ்சமாகத்தான் கூட்டும். பீரோ இளைக்க இளைக்க அதன் தயவும் இளைத்துக்கொண்டே வந்தது. போன வாரத்து எண்ணைக் காட்டுவதற்கே அவர் இந்த வாரம் இன்னும் கொஞ்சம் பொறுத்து அமுக்க வேண்டியிருந்தது.

டாக்டர் ஒருநாள் பீரோவின் கன்னத்தைப் பார்த்து, "முகம் வாடித்தான் இருக்கு. ஆனா எடை விழலையே, நல்லதுதான்" என்றார். அவரைச் சொல்லி என்ன பயன்? வாசலுக்கு வெளியே வரிசை தெருவரை நின்றது. குளிருது என்று அக்கா அவனுக்கு ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராக மாட்டி அனுப்பினாள். உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

லிஃப்டுக்காரருக்குத் தெரியும். அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே நிற்பாள். "எவ்வளவு?" என்பாள். மேலே காட்டிய எண்ணைச் சொல்வார். அவள் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொள்வார். "நான் சொல்லலை? அந்த முட்டைப்பால்தாங்க நிக்குது. நாளையிலேருந்து இன்னொரு முட்டை சேக்கறேன்." சொன்னால் இவள் தாங்குவாளா என்று ஒரு பக்கம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

விபரீதம் நடந்த அன்று அவர் எண்ணை நாற்பத்துநான்கில் நிறுத்தத்தான் நினைத்தார். அதுவே கொஞ்சம் பேராசைதான். ஆனால் இறங்கவும் இல்லை ஏறவும் இல்லை என்று இழுத்துக்கொண்டே போனால் டாக்டருக்குச் சந்தேகம் வரும் என்று பயம். லிஃப்ட் கிளம்பியது. பொறுத்தார். முட்டியில் சுரீரென்று ஒரு வலி பிடித்து, விரல் ஒரு இமைப்பொழுது பிந்திவிட்டது. எண் உச்சிக்குப் போய் நின்றது. நாற்பத்தைந்து.

அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றால் லிஃப்ட் ஏற்கெனவே சீராக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது எடுத்தால் நிஜம் வரும், நிற்கப்போகும்போது எடுத்தால் நிஜத்துக்கும் கீழே போகும். பெட்டியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். கதவு திறந்தது. நர்சுக்குப் பக்கத்தில், வேறெங்கோ போவதற்காக, டாக்டரே நின்றார்.

"அட, நாப்பத்தஞ்சு" என்றார் டாக்டர். பீரோவின் தோளைத் தட்டினார். "ஜெயிச்சுட்டீங்க. அடுத்த வாரமே வெச்சுக்கலாம்."

அந்த ஒரு வாரம் லிஃப்டுக்காரர் நடைப்பிணம். மாடி எண் தப்பாக அமுக்கி மூன்று தடவை திட்டு வாங்கினார். வீட்டில் மனைவி தம்பிக்கு ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளப் புதுத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். கத்தியைத் தாங்காது என்று டாக்டர் வாயாலேயே சொன்ன உடம்பு அது. மேஜைமேல் படுக்கவைப்பார்கள், வெட்டுவார்கள், அவன் எழுந்திருக்க மாட்டான். கொன்றது யார்? ஆபரேஷனுக்கு முதல்நாள் பெரிய நர்ஸ் தனியாக லிஃப்டில் ஏறினாள். இப்போது விட்டால் இல்லை என்று வாயைத் திறந்தார்.

"சிஸ்டர், நாளைக்குத் தியேட்டர்ல இருக்கற கட்டில்ல எங்க மாப்ளைக்கு இன்னொரு தடவை எடை போட்டுப் பாத்துடுங்க."

"ஏன், ஒங்க நாற்காலிக்கு என்ன?"

சொல்லிவிட வேண்டியதுதான். நாக்கு நுனிவரை வந்தது. "பழசு இல்லையா அது" என்றார்.

கட்டில் முப்பத்தொன்பது காட்டியது.

தியேட்டர் வாசலிலிருந்தே அவனைத் திருப்பி அனுப்பினார்கள். ஸ்கேன், எக்ஸ்ரே என்று எல்லாப் படமும் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் லிஃப்டுக்கே வந்து அந்த நாற்காலியைக் காலால் தள்ளினார். "இந்த ஓட்டை மெஷினை நம்பி எத்தனை பேருக்கு மருந்து குடுத்தோமோ. மொதல்ல தூக்கி வெளிய போடுங்க."

"மெஷின் மேல தப்பு இல்லைங்க டாக்டர்" என்றார் லிஃப்டுக்காரர்.

"பின்ன யார் மேல?"

கேள்வி நேராகத்தான் வந்தது. பதிலும் அவரிடம் தயாராகத்தான் இருந்தது. அதற்குள் அவசரப் பிரிவிலிருந்து மணி அடித்தது, ஸ்ட்ரெச்சர் ஒன்று ஓடி வந்தது, டாக்டர் அதன்கூடவே ஓடிவிட்டார். திரும்பி வந்து யாரும் கேட்கவில்லை. இரண்டு ஆட்கள் நாற்காலியைத் தூக்கிப் படிக்கட்டுக்கு அடியில் உடைந்த கட்டில்களோடு போட்டார்கள். ஒரு பாவமும் அறியாத நாற்காலி அது. நிற்கும்போது கேட்டால் அது ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

கணவன், மனைவி, தம்பி மூவரையும் உட்காரவைத்து டாக்டர் சொன்னார். "எடை எறங்குதுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா குழாய் போட்டுத் தேத்தியிருக்கலாம். கட்டியையும் எடுத்திருக்கலாம். இப்ப அது பரவிடுச்சு, உடம்புலயும் ஒண்ணும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி இல்லாம பாத்துக்கறதுக்கு மருந்து தரேன்."

மருந்து வாங்க அக்கா அந்த மாடியிலேயே இருந்த ஜன்னலுக்குப் போனாள். லிஃப்டுக்காரர் பீரோவைச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்து, கதவு மூடாமல் காலால் அணை கொடுத்து நின்றார். எடை நாற்காலி கிடந்த மூலை வெறிச்சென்று இருந்தது.

"மாப்ள, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"எத்தனை பீரோ தூக்கினவன் நான். எடை எப்ப ஏறுது எப்ப எறங்குதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க கெளம்பினப்புறம்தான் அமுக்கினீங்க. நானும் பேசாம கண்ணை மூடிக்கிட்டேன். குழாய்க்குப் பயந்துதான்." மூச்சு வாங்கிக்கொண்டான். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவ ஊட்டித்தான் ஏறுச்சுன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தா."

அவர் எதுவும் சொல்வதற்குள் அக்கா வந்துவிட்டாள். ஒரு கையில் மருந்துப் பை, இன்னொரு கையில் காலையில் கொண்டுவந்த பால் ஃபிளாஸ்க். உள்ளே வந்து தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். அழுது தீர்த்த முகம்.

"நான் ஊட்டினதெல்லாம் எங்கங்க போச்சு?" என்றாள்.

அவர் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாராவாரம் நீங்கதானே பக்கத்துல நின்னு பாத்தீங்க. அந்த மெஷின் தப்பாக் காட்டுதுன்னு ஒங்களுக்குமா தெரியலை?"

பீரோ கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியலை" என்றார் லிஃப்டுக்காரர்.

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். அது அவரை இன்னும் கொன்றது. "சரி, கெளப்புங்க. அவனுக்குப் பால் குடுக்கிற நேரமாச்சு" என்றாள்.

அவர் விரல் கீழ்த்தளத்துப் பொத்தானில் இருந்தது. அமுக்கினால் லிஃப்ட் இறங்கும், இறங்கத் தொடங்குகிற அந்த ஒரு நொடியில் பீரோவிடம் மிச்சமிருக்கிற கொஞ்சத்திலும் கொஞ்சம் போகும். மெல்லக் கிளப்ப அதில் வழி கிடையாது. அதற்குத் தெரிந்தது ஒரே வேகம்.

"என்னங்க, நிக்கறீங்க?"

அமுக்கினார். அவள் வழக்கம்போல லிஃப்டுக்குப் பயந்து தம்பியின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் இறங்கியது. அந்த ஒரு நொடி அவருடைய முட்டி வலிக்கவே இல்லை.